சுமையும் காற்றும்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ் டவுன் நகருக்குத் தெற்கே அமைந்துள்ளது கெலுகோர். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, தீவின் பக்கம் அது கால் ஊன்றிய இடம் இவ்வூரின் கரைதான். அன்று முதல் இரவும் பகலும் சக்கர ஓசை அடங்காத ஊர் இது. மேட்டின்மேல், முன்னாளில் மின்டன் படைமுகாம் இருந்த இடத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கீழே தாமான் துன் சார்டோன் வட்டாரத்தின் அடுக்குமாடி வீடுகள். விடியற்காலை ஆறு மணிக்கே பள்ளி வேன்கள் அவ்வீடுகளின் அடியில் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தம்மினும் பெரிய புத்தகப் பைகளோடு அவற்றில் ஏறுவர்.

அவ்வடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் எழுத்தையே சோறாக உண்டவர். எங்கே எழுத்தைக் கண்டாலும் படிக்காமல் அப்பால் நகரமாட்டார். மருந்துப் புட்டியின் அடியிலுள்ள பொடி எழுத்தையும், தீப்பெட்டியின் விளிம்பையும், கோயில் உண்டியலில் பொறித்த கொடையாளர் பெயரையும் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படிப்பார். ஆயினும் டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்தைப் படிக்க அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய அண்ணன்.

அண்ணனும் தம்பியும் கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர்கள். பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கின் ஒளியில் உளியால் பட்டை சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து கொட்டியவர்கள். அந்தப் பால் உறைந்து, உருளையில் நசுங்கி, தாளாகிப் புகையில் காய்ந்து, கப்பலேறிப் போய் யாருடைய வண்டிக்குச் சக்கரமாயிற்று என்று அவர்கள் கேட்டதில்லை. தம்பி படித்தார். மூத்தவர் பட்டர்வொர்த்தில் லாரிகளுக்கு டயர் மாற்றும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பெற்றோர் பாலாகக் கறந்த பொருளை மகன் வட்டமாகக் கண்டார் என்று பிற்காலத்தில் ஆசிரியர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

அந்நாளைய லாரிச் சக்கரங்கள் ஒரே துண்டாக வார்த்தவை அல்ல. இரும்பு ரிம்மின் ஒரு பக்கம் நிலையானது. மறுபக்கத்தைத் தனியான வளையம் ஒன்று பூட்டிப் பிடிக்கும். டயரையும் டியூபையும் ஏற்றி, வளையத்தைக் காடியில் பொருத்தி, பிறகு காற்றடைக்க வேண்டும். வளையம் துருவேறியிருந்தாலும், வேறொரு தயாரிப்பாளரின் வளையத்தை ஏறத்தாழப் பொருந்துகிறதென்று மாட்டினாலும், காற்றின் விசை அதனைக் காடியிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்துத்தான் காற்றடைக்க வேண்டும் என்பது தொழில் அறிந்தோர் விதித்த விதி. அமெரிக்காவில் இத்தகைய சக்கரங்களைக் கையாள்வதற்கென்றே 1980-ஆம் ஆண்டில் தொழிற்பாதுகாப்பு விதி இயற்றப்பட்டது. அதற்கு முன் இறந்தவர் பலர். அண்ணன் வேலை செய்த பட்டறையில் கூண்டு இல்லை. ஒரு மாலை, இரண்டு வேறு சக்கரங்களின் உறுப்புகளைக் கொண்டு ஒரு சக்கரம் கூட்டப்பட்டது. வளையம் பறந்தது. உயிர் தப்பினார், இடக்கண் போயிற்று.

ஒரு கண்ணோடு பிறகும் இருபது ஆண்டுகள் அத்தொழிலையே செய்தார். விடுமுறையில் தம்பி வரும்போதெல்லாம், பட்டறை வாயிலில் சாய்த்து வைத்த டயரைக் காட்டி, "நீ ஊர்ப்பட்ட எழுத்தெல்லாம் படிக்கிறாய். இதில் இருப்பதை யார் படிக்கிறது?" என்பார். தம்பி படிக்கக் கற்றுக்கொண்டார்.

அந்த எழுத்தை மாணவர்கள் ஒருமுறை உற்று நோக்கலாம். 185/60 R 14 82 H என்று ஒரு டயரில் இருப்பதாகக் கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்வது. ஆர் என்னும் எழுத்து, உள்ளிழைகள் ஆரம்போலக் குறுக்கே ஓடுவதைக் குறிக்கும். 14 என்பது அமரவேண்டிய ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே சொற்றொடரில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து வருவதைக் கண்டு இலக்கண ஆசிரியர் எவரும் முகம் சுளிப்பர்; ஆயினும் உலக வழக்கு அதுவாகிவிட்டது. இறுதியில் நிற்கும் எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதன் குறி. அதற்கு முன்னே, யாரும் கவனியாத இடத்தில், 82 என்ற எண் நிற்கிறது. அதுதான் சுமைக்குறி. 82 என்றால் 82 கிலோ அன்று. ஒரு டயர் 475 கிலோ சுமக்கும் என்பது பொருள். 84 என்றால் 500. 91 என்றால் 615. 94 என்றால் 670. குறி ஒன்று ஏறினால் சுமை ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வீதம் ஏறும்.

வேன்களுக்கும் சிறு லாரிகளுக்கும் உரிய டயரில் ரிம் அளவை அடுத்து சி என்னும் எழுத்து நிற்கும். சுமைக்குறியும் 94/92 என இரட்டையாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் இருந்தால் முதல் எண்; இரட்டைச் சக்கரம் இருந்தால் இரண்டாவது எண். டயருக்கு உருளிப்பட்டை என்று தமிழ்ச்சொல் சொல்வாருண்டு. ஆசிரியருக்கு அச்சொல்மீது பெருவிருப்பம். கெலுகோர்க் கடைத்தெருவில் அது இன்னும் உருளவில்லை என்பது அவருடைய மனக்குறை.

அவருடைய பேத்தி பள்ளிக்குச் சென்ற வேனை ஓட்டியவர் முப்பது வயது இளைஞர். ஆசிரியரிடம் படித்த ஒருவரின் மகன். ஆதலின் "ஐயா" என்றுதான் அழைப்பார். ஆசிரியரும் "தம்பி" என்பார். வேன் பழையது, இளைஞர் அதனைத் தம் குழந்தைபோல் துடைத்து வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை வேன் புதுக்கோலத்தில் வந்து நின்றது. கறுத்த இரும்புச் சக்கரங்கள் போய், வெள்ளிபோல் மின்னும் ஸ்போர்ட் ரிம் நான்கு. அவற்றின்மேல் அகன்று தாழ்ந்த டயர்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாதத் தவணையில் வாங்கியதாக இளைஞர் பெருமிதத்தோடு கூறினார். வண்டியின் ஆய்வு சென்ற மாதமே முடிந்துவிட்டது என்றும், இனி ஆறு மாதம் கவலையில்லை என்றும் சொன்னார். ஆசிரியர் குனிந்து படித்தார்: 185/60 R 14 82 H.

அவர் எதுவும் பேசவில்லை. பிறருடைய மகிழ்ச்சியை முதல் நாளிலேயே குலைப்பது அவருக்குக் கைவராத செயல். மேலும் கெலுகோரிலிருந்து பள்ளி வரை மூன்று கிலோமீட்டர். நெரிசலில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஆனால் அந்த மாதக் கடைசியில் ஈப்போவில் மாணவர்க்கான கவிதை ஒப்புவித்தல் போட்டி நடக்கவிருந்தது. பதினொரு பிள்ளைகளை ஆசிரியரே இரண்டு மாதமாகப் பயிற்றியிருந்தார். அவர்களை அழைத்துச் செல்ல அந்த வேனைத்தான் பேசியிருந்தார்கள். பாலம் கடந்து, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால், ஈப்போ ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட பாதை. கோலகங்சாரைத் தாண்டியதும் மேடும் வளைவும். நண்பகல் வெயிலில் திரும்பி வரவேண்டும்.

டயர் எவ்வாறு சுமக்கிறது என்பதைச் சற்றே விளக்க வேண்டும். சுமையைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகின்றனர். ரப்பரும் இழையும் எஃகுக் கம்பியும் காற்றை அடைத்து வைக்கும் பாத்திரம் மட்டுமே; சுமப்பது காற்று. 1845-ஆம் ஆண்டில் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றபோதும், 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் கண்டறிந்தபோதும், கண்டறியப்பட்ட உண்மை இதுவே. ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ இருந்து, உள்ளே 250 கிலோபாஸ்கல் அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர், விரித்த கையளவு. காற்றைக் குறைத்தால் அப்பரப்பு விரியும். விரிவதற்காகப் பக்கச்சுவர் மேலும் வளையும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வளைந்து நிமிரும். வளைந்து நிமிரும் ரப்பர் சூடேறும் என்பதை ரப்பர் வளையத்தை இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்த சிறுவரும் அறிவர். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றும் சக்கரம் ஒரு மணி நேரம் இவ்வாறு நெளிந்தால், உள்ளே எஃகு இழையும் ரப்பரும் ஒட்டிய ஒட்டு இளகத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பின்னர், ஒரு நொடியில், தோல் உரிவதுபோல் மேற்பட்டை கழன்று போகும்.

இதனால்தான் சுமைக்குறி தனித்து நிற்பதில்லை. மகிழுந்துக்குரிய சாதாரண டயர் தன் முழுச் சுமையைச் சுமப்பது 250 கிலோபாஸ்கல் காற்று இருக்கும்போது. எண்ணெய் நிலையத்துக் கணக்கில் 36 பவுண்டு. காற்று குறைந்தால் தாங்குதிறனும் குறையும். 475 கிலோ சுமக்கவேண்டிய டயர் 200 கிலோபாஸ்கலில் ஏறத்தாழ 400 கிலோவுக்குத்தான் பொறுப்பேற்கும். ஆனால் 250-க்கு மேல் காற்றை ஏற்றினால் 475 என்பது கூடுமோ எனின், கூடாது. பக்கச்சுவரில் பொறித்துள்ள உச்ச அழுத்தம் பாத்திரம் எவ்வளவு தாங்கும் என்பதற்குரிய எல்லையே தவிர, சுமையை உயர்த்திக்கொள்ள அளித்த உரிமை அன்று. இவ்விடத்தில்தான் அனுபவசாலிகளும் வழுக்கி விழுகிறார்கள்.

ரிம்முக்கும் தனியே ஓர் இலக்கணம் உண்டு. 185/60 R 14 டயரை 5 அங்குலத்திலிருந்து 6½ அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில் ஏற்றலாம். 5½ அங்குலமே அதற்குரிய அளவு. மிகக் குறுகிய ரிம்மில் டயர் பிதுங்கும்; மிக அகன்ற ரிம்மில் சுவர் விரிந்து இழுபடும். விட்டம் அரை அங்குலம் மாறினாலோ உயிருக்கே உலை. அமெரிக்காவில் 16 அங்குல ரிம்மும் 16½ அங்குல ரிம்மும் ஒரே காலத்தில் புழங்கின. முன்னதில் டயரின் உள்விளிம்பு அமரும் இடம் ஐந்து பாகை சரிவுடையது. பின்னது பதினைந்து பாகை. 16 அங்குல டயர் 16½ அங்குல ரிம்மின்மேல் வழுக்கி ஏறிவிடும், உட்காராது. உட்காரவில்லையே என்று மேலும் மேலும் காற்றடைக்க, உள்விளிம்பின் கம்பி வளையம் அறுந்து வெடித்து, குனிந்து நின்றவர்கள் மாண்டிருக்கிறார்கள். ஏறுகிறதே என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது.

வார்ப்பு ரிம்களின் பின்புறத்தில் இன்னொரு குறி இருக்கும். சப்பானிய அளவுகோலில் ஜேடபிள்யூஎல் என்பது மகிழுந்துக்கு. அதன்பின் ஒரு டி சேர்ந்து வந்தால்தான் லாரி, பேருந்து வகைக்கு. பெரும்பாலும் அந்த ரிம் சுமக்கும் உச்ச எடையும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். முன்பக்கத்தின் மினுமினுப்பைப் பார்த்து வாங்குவோர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் ஆசிரியர் வேனின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். அழுக்கைக் கைக்குட்டையால் துடைத்தபின் எழுத்துத் தெரிந்தது. டயர் 165 R 13 சி, 94/92. காற்று: முன் 240, பின் 350 கிலோபாஸ்கல். பின்னச்சு தாங்கும் சுமை 1,100 கிலோ. வீட்டுக்குப் போய்ப் பேத்தியின் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்கெழுதினார். பதினொரு பிள்ளைகள், ஆளுக்கு 35 கிலோ என்றால் 385. ஓட்டுநர், தாம், பைகள், பிள்ளைகளின் தாயார் கட்டித் தரும் நாசி லெமாக் பொட்டலங்கள் உட்பட 195. வெற்று வண்டி 1,200. மொத்தம் 1,780. பின்சக்கரங்களின்மேல் ஆயிரம் கிலோவுக்குக் குறையாது; ஒரு சக்கரத்துக்கு 500. பழைய டயர் 670 தாங்கும். புதியது, காற்று நிறைந்திருந்தாலே 475.

மறுநாள் காலையில் அவர் பேச்சைத் தொடங்கினார். காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"இருபத்தெட்டுப் பவுண்டு ஐயா. பழைய டயருக்குப் பின்னால் ஐம்பது வைக்கவேண்டும். பிள்ளைகள் குலுங்கிப் போவார்கள். இப்பொழுது பாருங்கள், மெத்தைபோல் ஓடுகிறது."

இருபத்தெட்டுப் பவுண்டு என்பது 193 கிலோபாஸ்கல். அந்நிலையில் அந்த டயரின் தாங்குதிறன் 390 கிலோவைத் தாண்டாது. மெத்தைபோல் ஓடியதற்குக் காரணம் அதுவே. ஆசிரியர் கணக்கைக் காட்டினார். இளைஞர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் முகம் மாறிற்று. கடைத் தவுக்கே முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் என்றும், எத்தனையோ வேன்களுக்கு இப்படித்தான் மாட்டியிருக்கிறார் என்றும் சொன்னார். அப்படியானால் ஐம்பது பவுண்டு வைத்துவிடுகிறேன் என்றார். வைத்தாலும் 475-தான் என்றார் ஆசிரியர். அத்துடன் ரிம்மின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இருவரும் படுத்துப் பார்த்தார்கள். ஜேடபிள்யூஎல். டி இல்லை. உச்சச் சுமை 500 கிலோ. பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறும்போதும், வளைவில் ஒரு பக்கம் சாயும்போதும் ஏறும் சுமைக்கு அங்கே இடமே இல்லை.

"பழைய சக்கரங்களை மாட்டிக்கொள் தம்பி. இந்த ஒரு பயணத்துக்காவது."

"பழைய டயரை எல்லாம் கடையிலேயே தள்ளிவிட்டேன் ஐயா. ரிம் மட்டும்தான் வீட்டில் கிடக்கிறது. சி டயர் நான்கு வாங்க இப்பொழுது என்னிடம் காசில்லை."

நான் தருகிறேன் என்று ஆசிரியர் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இளைஞர் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்.

அன்றிரவு ஆசிரியர் உறங்கவில்லை. அச்சத்தை மிகைப்படுத்துகிறோமோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. ஆயிரம் வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன, எல்லாம் வெடித்துவிடுவதில்லை. உண்மைதான். டயர் உடனே பழிவாங்கும் பொருளன்று. அது நினைவில் வைத்திருக்கும். நேற்றுப் பட்ட சூடு இன்று ஆறுவதில்லை. 1991-ஆம் ஆண்டு சூலை 11-ஆம் நாள், சவூதி அரேபியாவின் ஜெட்டாவிலிருந்து நைஜீரியாவுக்கு ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு டிசி-8 விமானம் புறப்பட்டது. அதன் டயர்களில் சிலவற்றில் காற்று குறைவு என்பது சில நாள் முன்பே தொழில்நுட்பப் பணியாளருக்குத் தெரியும். நிரப்புவதற்கு நைட்ரஜன் கையில் இல்லை. பயணத்தைத் தாமதிக்க மேலாளர்க்கு மனமில்லை. ஓடுபாதையில் ஓடும்போது, காற்றுக் குறைந்த டயர் தன் பங்கைச் சுமக்காமல் பக்கத்து டயரின்மேல் தள்ளிற்று. மிகைச்சுமை தாங்கிய டயர் முதலில் சிதைந்தது, அதன்பின் மற்றதும். உராய்ந்த சக்கரம் தீப்பற்ற, சக்கரங்கள் வயிற்றுக்குள் மடங்கியபோது தீயும் உள்ளே சென்றது. 261 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

தரையிலும் இத்தகைய கதை உண்டு. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. மேற்பட்டை உரிந்து வண்டி கவிழ்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டயரின் ஆக்கத்தில் குறை என்றது ஒரு தரப்பு; வண்டியின் அமைப்பில் குறை என்றது மறுதரப்பு. அந்த வழக்கில் உற்று நோக்கத்தக்க சிறிய எண் ஒன்று உண்டு. வண்டிக்காரர்களுக்கு ஃபோர்டு சொல்லியிருந்த காற்று 26 பவுண்டு. 30 வேண்டும் என்றது டயர் நிறுவனம். நான்கு பவுண்டு வேறுபாட்டின்மேல் இரண்டு பெரு நிறுவனங்களின் நூறாண்டுக்கால உறவு முறிந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, அதன் விளைவாக 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டின் புதிய மகிழுந்துகள் அனைத்திலும் காற்றுக் குறைவைக் காட்டும் விளக்கு கட்டாயமாயிற்று. கெலுகோர் வேனில் அத்தகைய விளக்கு இல்லை. அதில் இருந்தது ஒரு பிள்ளையார் சிலையும் வாடாத பிளாஸ்டிக் மாலையும்.

பயணத்துக்கு முதல் நாள் மாலை ஆசிரியர் பெற்றோர்களைத் தொலைபேசியில் அழைத்தார். வேன் வேண்டாம் என்றார். காரணம் கேட்டவர்களிடம், டயர் சரியில்லை என்பதற்குமேல் ஒரு சொல்லும் கூறவில்லை. ஓட்டுநரின் தொழிலையே ஒரு சொல் முடித்துவிடக்கூடும்; அந்த வேனில் நாள்தோறும் போகும் பிள்ளைகள் பதினொருவர் மட்டுமல்லர். சொல்லாமல் விட்டதும் சரியா என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ செல்லும் மின்தொடர்வண்டியில் இடம் இல்லை. மூன்று பெற்றோர் தம் மகிழுந்துகளைத் தந்தனர். அதில் ஒன்று புறப்படவே தாமதமாயிற்று. அந்த வண்டியில் வந்த இரு பிள்ளைகள் மேடையேறும் முன்பே அவர்கள் பிரிவின் போட்டி முடிந்துவிட்டது. அவர்களுள் ஒருத்தி, இரண்டு மாதம் இரவும் பகலும் பாடம் செய்தவள், திரும்பும் வழியெங்கும் சன்னலைப் பார்த்தபடி உதடசைத்து வந்தாள். இளைஞருக்குக் கிடைக்கவிருந்த வாடகைப் பணமும் போயிற்று. எதுவும் நடக்காத ஒரு நாளுக்காக இவ்வளவும் இழந்தோம் என்று ஒரு தந்தை வெளிப்படையாகவே முணுமுணுத்தார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. நடக்காமற்போன விபத்தை யாரால் எடுத்துக் காட்ட முடியும்?

மூன்று வாரம் இளைஞர் ஆசிரியரைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். பேத்தியை ஆசிரியரே நடத்தி அழைத்துச் சென்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது, அவருடைய முழங்காலுக்குத்தான் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை இளைஞர் மூன்றாம் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஒரு பிடி கரிய தூள்.

பின்புற வலப்பக்க டயரில் காற்று அடிக்கடி இறங்குகிறதென்று அதனைக் கழற்றியிருக்கிறார்கள். உள்ளே, பக்கச்சுவரைச் சுற்றி, விரலளவு அகலத்தில் ஒரு வளையம் தேய்ந்திருந்தது. அத்தேய்மானத்தின் தூள் அடியில் குவிந்திருந்தது. காற்றுக் குறைந்த நிலையில் நெடுநாள் நெளிந்த டயருக்குள் காணப்படும் அடையாளம் அது. அண்ணன் உயிரோடிருந்தால் ஒரு கண்ணாலேயே சொல்லியிருப்பார். மூன்று கிலோமீட்டர் ஊர்ந்த ஓட்டத்திலேயே அது நிகழ்ந்திருந்தது. இளைஞர் வேறொன்றும் கூறவில்லை. "ஐயா, அந்தக் கணக்கை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார்.

பழைய இரும்பு ரிம்கள் நான்கும் துருநீக்கிச் சாயம் பூசப்பட்டன. 165 R 13 சி டயர் முதலில் பின்னுக்கு இரண்டு வாங்கப்பட்டது; முன்னுக்கு இரண்டு அடுத்த மாதம். ஆசிரியரிடம் அவர் பணம் வாங்கவில்லை. வாங்கிய டயரின் பிறந்தநாளைப் பார்க்கவும் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. ஸ்போர்ட் ரிம் நான்கும் இளைஞரின் வீட்டுக் கூடத்தில் துணி போர்த்திக் கிடக்கின்றன. தவணை இன்னும் முடியவில்லை. வாங்க வந்த ஒருவரிடம், உங்களுடையது வேனா மகிழுந்தா என்று அவர் கேட்க, வேன் என்றதும் விற்க மறுத்துவிட்டாராம்.

இப்பொழுது திங்கட்கிழமைதோறும் விடியலில், சக்கரம் சூடேறும் முன், காற்று அளக்கப்படுகிறது. ஓடி வந்த டயரில் அளந்தால் சூட்டினால் அழுத்தம் கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பின் குறைந்து நிற்கும். ஆகவே குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியிலேயே அளக்கவேண்டும். அளவுகோலைப் பிடிப்பவர் இளைஞர்; எண்ணை உரக்கப் படிப்பது ஆசிரியரின் பேத்தி. அவள் மீண்டும் வேனில்தான் போகிறாள். கதவுச் சட்டத்துத் தகடு மங்கிவிட்டதால் அதன் அருகிலேயே வெள்ளைச் சாயத்தால் இளைஞர் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்: முன் 240, பின் 350, காற்று அழுதம். அதில் ஓர் ஒற்று விட்டுப்போயிற்று. ஆசிரியர் அதை முதல் நாளே கண்டார், திருத்தச் சொல்லவில்லை.